நாலு சீட்டில் ஆறு ஜோடி

ரம்மி ஆடிப் பழகியவனுக்கு ஓமஹா என்கிற சீட்டாட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை ஐயா. கண் பழகின பழக்கம் அப்படி. மூன்று ராஜாவைக் கையில் பார்த்துவிட்டால் அவனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். ரம்மியில் அது ஒரு செட். ஓமஹாவில் அதே மூன்று ராஜா வந்தால் நான் பேசாமல் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதில் கொஞ்சம்தான். ஆனால் இது புரியாவிட்டால் மற்றதும் புரியாது. ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கட்டம் கட்டமாகத் திறப்பார்கள். கடைசியில் நம் கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் நம் பலம். இரண்டு என்றால் இரண்டேதான். மூன்று எடுக்கவும் கூடாது, ஒன்றோடு நிறுத்தவும் கூடாது. அப்படியிருக்க மூன்றாவது ராஜா எதற்கு? கையிலேயே செத்துக் கிடக்கும். நடுவில் வந்து உதவியிருக்கக்கூடிய ராஜாவை நாமே அடைத்து வைத்திருப்போம்.

நான் இருபத்தொன்பது வருஷம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். வயலில் இறங்கி, கோல் நட்டு, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறுத்து நிறுத்து, அதை வைத்து ஒரு தாலுகாவின் விளைச்சலைச் சொல்லுகிற வேலை. அதனால் சீட்டையும் எனக்கு எண்ணித்தான் பார்க்க வரும். நாலு சீட்டுக்குள் ஆறு ஜோடி இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். முதலாவதோடு மற்ற மூன்றும், இரண்டாவதோடு மிச்சம் இரண்டும், கடைசி இரண்டும் தங்களுக்குள்ளும். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி என்று அடுத்தடுத்து வந்து, அதில் இரண்டு ஸ்பேட், இரண்டு ஆர்ட்டின் என்று அமைந்தால் ஆறு ஜோடியும் ஒன்றுக்கொன்று உதவும். மூன்று சேர்ந்து வந்து நாலாவது எதோடும் ஒட்டாமல் வந்ததென்று வையுங்கள். ஆறில் மூன்று ஜோடி பழுது. ஒரே ஒரு சீட்டு பாதிக் கையைக் கெடுத்துவிடும். தெரியாதவன் மூன்றும் நன்றாக இருக்கிறதே என்று சபலப்பட்டு ஆடுவான். எனக்கு அந்தச் சபலம் கிடையாது. பத்துக் கை வந்தால் ஏழு கையை ஆடாமலே வைத்துவிடுவேன். அலி அஸ்கர் என்னைக் கேலி செய்வார். "அண்ணாச்சி ஆட வரல, வேடிக்க பாக்க வந்திருக்காவ" என்பார்.

ஜங்ஷனில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிற அலி அஸ்கரை உங்களுக்குத் தெரியும். அவர் கடை மாடியில்தான் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் வைத்தீஸ்வரன் சார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வெளிநாட்டில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தபோது கற்றுக்கொண்டு வந்தார். நாங்கள் மூவர்தான். ஒரு நாளும் காசு வைத்து ஆடியதில்லை. புளியங்கொட்டைதான், ஆளுக்கு நூறு. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுவோம்.

என் அண்ணன் பெயர் பிச்சைக்கண்ணு. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கின பிள்ளை என்று அந்தப் பெயர். எனக்குப் பதினோரு வயது மூத்தவர். அப்பா இருந்த வயலையெல்லாம் விற்றுத் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் பதினேழு வயதில் விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லுக்குப் போனார். ஷிப்ட்டு மாற்றி ஷிப்ட்டு பார்த்து என்னைப் படிக்க வைத்தார். தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், பிறகு கல்யாணம் செய்துகொள்கிறேன் என்பார். எனக்கு வேலை கிடைத்தபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மில்லை விட்ட பிறகு சிந்துபூந்துறையில் எங்களோடு வந்து இருந்தார். ஏழெட்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு மறதி வந்தது. ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் மில் மட்டும் மிஞ்சியது. ஷிப்ட்டுக்கு நேரமாச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம், ஒரு தடவை அம்பாசமுத்திரத்தில். அதனால்தான் வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டு, வெளியே போகும்போது பூட்டிக்கொண்டு போனோம். சாவி ஒன்று என்னிடம், இன்னொன்று பக்கத்து வீட்டுப் பாகீரதி மாமியிடம். மாமி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், தனியாக இருக்கிறார், பொறுப்பானவர்.

என் மனைவி பிரம்மநாயகியைப் பார்த்து, "இந்தம்மா யாரு, நம்ம வீட்டுல ஏன் இருக்கா?" என்று கேட்பார். என்னை மட்டும் அவர் மறக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. "ஏலே சம்முவம்" என்று சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது போலத்தான் கடைசி வரை கூப்பிட்டார்.

வீட்டில் நான் தனியாக உட்கார்ந்து நாலு நாலாகச் சீட்டைப் போட்டு, எது ஆடத் தகுந்த கை, எது ஆகாத கை என்று பிரித்துப் பார்ப்பேன். அண்ணன் பக்கத்தில் வந்து உட்காருவார். மில் குவார்ட்டர்ஸில் ரம்மி ஆடினவர். நான் ஒதுக்கி வைத்ததை எல்லாம் எடுத்து விரித்துப் பார்ப்பார்.

"ஏலே, மூணு சேந்துட்டு பாத்தியா. இதப் போயி தூரப் போட்டுருக்கியே."

"இந்த ஆட்டத்துக்கு அது ஆகாதுண்ணே."

"சேந்து வந்தத எவனாவது விடுவானா? கிறுக்குப் பய."

அப்படி ஒரே மாதிரி மூன்று கிடைத்தால் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அவர் அசந்த நேரம் பார்த்து நான் எடுத்துச் சீட்டுக்கட்டில் சேர்ப்பேன். தினமும் இது நடக்கும்.

எனக்கு ஒரே மகள், பிருந்தா. கோயம்புத்தூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும், எங்கள் பக்கத்தில் அது விட்டுக்கொடுக்க முடியாத முறை. அவள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து வந்து ஒரு வாரம் இருந்தாள். யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று நினைத்து அண்ணன் ஒரு நாள் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவள் மேல் வீசிவிட்டார். வயிற்றில் படவில்லை, தோளில்தான் பட்டது. மறுநாளே மருமகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். பிரம்மநாயகியும் கூடப் போய்விட்டாள். கார்த்திகையில் பேரன் பிறந்தான். போனில் காட்டினார்கள். வாயைக் கோணிக்கொண்டு அழுதான், எங்கள் அப்பா சாடை.

"பிள்ளையப் பாக்க எப்ப வாரிய?" என்று பிரம்மநாயகி தினமும் கேட்பாள். அண்ணனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இரண்டு இல்லங்களில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டிலும் மூன்றாம் நாளே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். கோயம்புத்தூருக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரவே கூடாது என்று மருமகன் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்போது ஒரு நாள் சீட்டைப் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டையும் எண்ணினேன். நான், பிரம்மநாயகி, பிருந்தா, அண்ணன். நாலு பேர். ஆறு ஜோடி. அதில் நானும் பிரம்மநாயகியும், நானும் பிருந்தாவும், தாயும் மகளும், இந்த மூன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. மிச்சம் மூன்றும் பழுது, மூன்றிலும் இருப்பது ஒரே ஆள். எண்ணினேன், அவ்வளவுதான். நான் எதையும் எண்ணுகிறவன். அதில் தப்பு இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

இனி அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை. காலையில் இருந்து விடாத மழை. மத்தியானத்துக்குச் சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். பிரம்மநாயகி அளவுக்கு வராது, ஆனாலும் அண்ணன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வழக்கமான மாத்திரையைத்தான் கொடுத்தேன். அதை நீங்கள் அப்போதே விசாரித்துவிட்டீர்கள். ஒரு மணி இருக்கும், ஆற்றை ஒட்டி இருக்கிறவர்கள் மேட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் கிளம்பவில்லை. எல்லா வருஷமும் சொல்வதுதானே என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டே முக்காலுக்குக் குடையை எடுத்தேன். அண்ணன் தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கலே போற?"

"இங்கனதான்ணே. வந்துருதேன்."

"மழ பெய்யுது. பைய வா."

வெளியே வந்து பூட்டினேன். அங்கிருந்து அலி அஸ்கர் கடைக்கு ஏழு நிமிஷ நடை. கடை இருப்பது மேடு, அங்கே தண்ணீர் வராது.

நாலு இருபதுக்கு மாமி போன் செய்தார். "சார், தெருவுக்குள்ள தண்ணி வந்துடுத்து. உங்காத்து வாசப்படி முங்கிடுத்து. சீக்கிரம் வாங்கோ." இதோ வருகிறேன் என்றேன். யார் என்று அலி அஸ்கர் கேட்டார். வீட்டிலிருந்துதான், ஒன்றுமில்லை என்றேன். நாலு ஐம்பதுக்கு மறுபடியும் மாமி. "முட்டுக்கு மேல வந்துடுத்து சார். அண்ணா ஜன்னல்ல நிக்கறார். பசங்க பூட்ட ஒடைக்கப் பாக்கறா, முடியல. எங்க இருக்கேள்?" வந்துகொண்டே இருக்கிறேன் மாமி என்று சொன்னேன். மூன்றாம் தடவை அடித்தபோது எடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு அலி அஸ்கர் கீழே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அண்ணாச்சி, ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு. உங்க தெருவுல கழுத்தளவு நிக்காம்." அப்போதுதான் எழுந்தேன். தெரு முனையில் என்னை நாலு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அங்கே நான் அழுதது நடிப்பு இல்லை ஐயா. என் அண்ணன் அவர்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்து பூட்டைத் திறந்தபோது நீங்களும் கூட இருந்தீர்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் கிடந்தார். மில்லுக்குப் போகும் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார். அதன் பையில் மூன்று சீட்டு. மூன்றும் ஏழு. பிளாஸ்டிக் சீட்டு என்பதால் கெடவில்லை. நீங்கள்தான் எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்.

ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது நான் சொன்னது உங்கள் தாளில் இருக்கும். போன் வந்த நேரம் என் கையில் இரண்டு ஏஸ், இரண்டு ராஜா, ஸ்பேட் இரண்டு, ஆர்ட்டின் இரண்டு. ஓமஹாவில் அதைவிடப் பெரிய கை கிடையாது, ஆயுசுக்கும் ஒரு தடவை வந்தால் உண்டு. இதை ஆடிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன், பிறகு ஒரு கை, இன்னொரு கை என்று நேரம் போனது தெரியவில்லை. நீங்கள் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. அதில் அருவருப்பு இருந்தது, ஆனால் நம்பினீர்கள். பூட்டின வீட்டில் வெள்ளம் புகுந்து இறந்தார் என்று எழுதி முடித்தீர்கள்.

ஊரும் நம்பியது. புளியங்கொட்டைக்காக அண்ணனைச் சாகக் கொடுத்தவன் என்று காது படவே பேசினார்கள். பேசிவிட்டுப் பதினாறாம் நாள் சாப்பிட வந்தார்கள். குடிகாரனுக்கும் சீட்டாடிக்கும் ஊரில் ஒரு இடம் உண்டு. திட்டுவார்கள், பிறகு அதை ஒரு வியாதி என்று எடுத்துக்கொள்வார்கள். பிரம்மநாயகி கட்டுக் கட்டாக எல்லாச் சீட்டையும் அடுப்பில் போட்டாள். "சீட்டுதான் உங்க புத்திய மழுக்கிட்டு" என்று அழுதாள். என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் சூதாட்ட மோகம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பேரனை மடியில் போட்டார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டான். எதற்காக இதையெல்லாம் செய்தேனோ அது கிடைத்துவிட்டது. ஆனால் அவனைத் தூக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் ஏதோ கனக்கிற மாதிரி இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

வைத்தீஸ்வரன் சாருக்கு ஞாபகம் அதிகம். யார் எந்தக் கையை எப்படி ஆடினார்கள் என்று ஒரு மாதம் கழித்தும் சொல்வார். காரியம் முடிந்த மறுவாரம் என்னிடம் பைய ஒரு கேள்வி கேட்டார். "சார், மாமி போன் பண்ணின அந்தக் கைய நீங்க ஆடவே இல்லையே?" ஆடினேன் சார், உங்களுக்குத்தான் நினைவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. எதிரில் பார்த்தால் தெருவைக் கடந்துவிடுகிறார்.

அதோடு போயிருக்கும். இரண்டு வருஷம் போய்விட்டதே. நான் இன்றைக்கு இங்கே ஸ்டேஷனுக்கு வந்தது பாகீரதி மாமிக்காக.

போன வெள்ளிக்கிழமை மாமி வந்தார். எழுபத்தாறு வயதாகிறது, பாதியாக இளைத்துவிட்டார். வந்தவர் உட்காராமலே அழுதார். "நான் அந்தச் சாவியக் குடுத்திருக்கப்படாது சார். நாளைக்குத் தரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவர் உசுரோட இருப்பார். பகவான் என்ன மன்னிக்க மாட்டார், நீங்களாவது மன்னிச்சுடுங்கோ." பிறகு, அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதும் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முதலில் பஸ் வந்துவிட்டதா என்று கேட்டாராம். மாமி தன் வீட்டு மாடியில் நின்று கதறினபோது அவர்தான் மாமிக்குத் தைரியம் சொன்னாராம். "அழாதீய. சாவி சம்முவத்துக்கிட்ட இருக்கு. இப்ப வந்துருவான்." கொஞ்ச நேரம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது கேட்டதாம்.

எண்ணியதில் நான் செய்த பிழை எனக்கு அப்போது விளங்கியது. பழுது என்று ஒதுக்கிய மூன்று ஜோடியில் ஒன்று நானும் அண்ணனும். அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. நான் படித்தது, வேலை பார்த்தது, பெண் கட்டியது எல்லாம் அந்த ஒரு ஜோடியில் வந்ததுதான். அவர் அதைக் கடைசி மூச்சு வரை கையில் வைத்திருந்தார்.

மாமி எனக்காகச் சுமக்க வேண்டாம். அந்த மாற்றுச் சாவியை அவராகக் கொடுக்கவில்லை, நான் கேட்டு வாங்கினேன். அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். டிவியில் மழைச் செய்தியும் அணையில் தண்ணீர் ஏறுவதும் பார்த்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், பூட்டு இறுகுகிறது மாமி, புதுச் சாவி வெட்ட வேண்டும் என்றேன். மாமி விளக்கு மாடத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தபோது அண்ணன் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஆட்டம் தெரிந்தவன் நடுவில் சீட்டுத் திறக்கும் வரை காத்திருக்க மாட்டான் ஐயா. கைக்கு வந்த நாலைப் பார்த்ததுமே முடிவு செய்துவிடுவான்.

இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது ஒரு ராஜா, ஒரு ஒன்பது, ஒரு ஆறு, ஒரு இரண்டு. நாலும் நாலு இனம். பார்த்ததும் கவிழ்த்து நடுவில் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகுதான் போன் அடித்தது. வைத்தீஸ்வரன் சாரும் அலி அஸ்கரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு சாவியும் என் சட்டைப் பையில் இருந்தன. நான் சுவரில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மாமி கூப்பிட்டபோது என் கையில் சீட்டே இல்லை.